லட்லோவில் ஒரு நாள், முழங்கால் வலியோடு

கேள்வி: மகன் பர்மிங்ஹாமில் வேலை பார்க்கிறான். நானும் கணவரும் மே மாதம் போகிறோம். பழைய சந்தை ஊர் ஒன்றைப் பார்க்க ஆசை. லட்லோ போகலாம் என்கிறான். எனக்கு 63 வயது, முழங்கால் வலி உண்டு. கோட்டை, தேவாலயம் எல்லாம் எனக்குச் சரிப்படுமா? எந்தக் கிழமை போவது?

பதில்: தாராளமாகப் போகலாம். முதலில் கிழமை. அங்கே சந்தை கூடுவது திங்கள், புதன், வெள்ளி, சனி. சனிக்கிழமை நெரிசலில் நிற்க உங்களால் முடியாது, புதன் நல்லது.

ரயிலில் ஷ்ரூஸ்பரி போய் வண்டி மாறினால், அங்கிருந்து அரை மணி நேரத்தில் லட்லோ. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடைதான் என்பான் மகன். அது அவனுக்கு! ஊர் குன்றின் மேல் இருக்கிறது. டாக்சிக்கு முன்பே சொல்லிவைத்து, கோட்டை வாசலில் போய் இறங்குங்கள். சந்தையும் அங்கேதான்; தேவாலயமும் பக்கத்திலேயே.

கோட்டையின் வயது 900 வருடத்துக்கு மேல். கோபுரப் படிகளை விட்டுவிடுங்கள். புல்தரையில் மெதுவாக நடந்து, உள்முற்றத்தில் இருக்கும் வட்டமான சிற்றாலயத்தைப் பாருங்கள். இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் 1502இல் இந்தக் கோட்டையில்தான் இறந்தார், 15 வயதில். கல்யாணமாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மனைவி கேத்தரின் பிறகு கொழுந்தனுக்கே வாழ்க்கைப்பட்டார். அந்தக் கொழுந்தன்தான் எட்டாம் ஹென்றி. கேத்தரினிடமிருந்து விலக ஹென்றி போட்ட சண்டையில்தான் இங்கிலாந்துத் திருச்சபை ரோமை விட்டே பிரிந்தது.

புனித லாரன்ஸ் தேவாலயக் கோபுரத்துக்குச் சுமார் 200 படி. கணவர் ஏறட்டும். நீங்கள் பீடத்துக்கு முன்னால் உள்ள பழைய மர இருக்கைகளுக்குப் போங்கள். இருக்கைப் பலகையைத் தூக்கி நிறுத்தினால் அடியில் சின்ன முட்டு ஒன்று தெரியும். நெடுநேரம் நின்று ஜெபிப்பவர்கள், நின்றபடியே இடுப்பைச் சாய்த்துக்கொள்ளச் செய்தது. கால்வலி அப்போதும் இருந்திருக்கிறது! இப்படி 28 முட்டுகள், எல்லாவற்றிலும் செதுக்குவேலை. ஒன்றில், பிஷப் உடுப்பில் ஒரு நரி வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்கிறது. இன்னொன்றில், அளவில் ஏமாற்றிய பீர்க்காரியைப் பேய் தலைகீழாகத் தோளில் போட்டு நரகத்துக்குத் தூக்கிப் போகிறது. அவள் கையில் அந்த அளவுக் குவளை இன்னமும் இருக்கிறது. சந்தை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சிற்பம் கிடையாது. லட்லோவில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால், இதைச் சொல்வேன். பலகையைத் தொடும் முன் அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பட்டர்கிராஸ். வளைவுகளுக்குக் கீழே வெண்ணெய் விற்ற கட்டடம். அங்கிருந்து பார்த்தால் பிராட் தெரு அழகாகச் சரிந்து இறங்கும். அடியில், பழைய ஊர் மதிலின் ஏழு வாசல்களில் மிஞ்சிய ஒன்று நிற்கிறது. ஆசைப்பட்டு இறங்கிவிடாதீர்கள், முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி.

கடைசியாக ஃபெதர்ஸ் ஹோட்டல் கட்டடம். 1619ஆம் ஆண்டின் கறுப்பு வெள்ளை மரச்சட்ட முகப்பு. எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். திரும்பும் டாக்சியை அங்கேயே வரச் சொல்லிவிடுங்கள்.