மகள் போனை எடுப்பதில்லை

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் என் மகள். வயது 19, கெடா சிந்தோக்கில் படிக்கிறாள். தினமும் மூன்று தடவை கூப்பிடுவேன். பாடப் பதிவும் பிடிபிடிஎன் என்ற உயர்கல்விக் கடன் கணக்கும் அவள் அப்பாவின் கைப்பேசியில்தான் இருக்கின்றன. போன மாதம் அவளுடைய விரிவுரையாளரிடம் பேசினேன். அதிலிருந்து போனை எடுப்பதில்லை. வாட்சாப்பில் 'கிளாஸ்மா' என்று மட்டும் பதில் வருகிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. லயத்தில் வளரும் பிள்ளையைப் பத்து வீட்டுக் கண் பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளிப் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் யாரோடு வந்தாள் என்ற செய்தி வீட்டுக்கு வந்துவிடும். அப்படி வளர்ந்தவள் தாய்லாந்து எல்லையோரம் தனியாக இருக்கிறாள் என்றால் எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்?

ஆனாலும் விரிவுரையாளரிடம் பேசியது தவறுதான். 18 வயது நிறைந்தவர் முழு வயதினர் என்கிறது நம் மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டம். 2021 டிசம்பரிலிருந்து ஓட்டுரிமையும் அந்த வயதிலேயே வந்துவிட்டது. முதலில் மன்னிப்புக் கேளுங்கள். வாட்சாப்பில் இரண்டு வரி போதும்: "உங்கிட்ட கேக்காம பேசுனது தப்புதான்மா. இனிமே பேசமாட்டேன்." அதோடு 'உன் நல்லதுக்குத்தான்' என்று சேர்த்துவிட்டால் மன்னிப்பு புத்திமதியாகிவிடும்.

அப்புறம் பிடிபிடிஎன். கடன் அவள் பெயரில் இருக்கிறது, நாளைக்குக் கட்டப்போவதும் அவள். கடவுச்சொல்லை இந்த விடுமுறையிலேயே கொடுத்துவிடுங்கள். முதலில் காசு சீக்கிரம் தீரலாம். சாப்பாட்டுக்கு மட்டும் கை கொடுங்கள், மற்றதை அவள் சமாளிக்கட்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் இறுதியாண்டு மாணவருக்கு ஒரு பாடத்தைக் கைவிடும் படிவத்தை நிரப்பத் தெரியவில்லை. அதுவரை எல்லாம் அப்பாதான் நிரப்பியிருக்கிறார். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

எப்போது கூப்பிடலாம் என்பதை அவளே சொல்லட்டும். 'சாப்பிட்டியா, எங்க இருக்க, யாரோட இருக்க' என்று அடுக்கினால் விசாரணை மாதிரி இருக்கும். வாசல் கறிவேப்பிலை துளிர்த்தது, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று நீங்கள் பேசுங்கள். அவள் கதை தானாக வரும்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. தூக்கம் கெட்டு, வகுப்புக்குப் போகாமல், வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரிப் பேசினால் உடனே பஸ் ஏறிப் போய் அவள் பக்கத்தில் இருங்கள். மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்போடு 03-7627 2929 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அன்றைக்கு அவள் 'ஏன் வந்தே' என்று கோபித்தாலும் திரும்பி வராதீர்கள்.