‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் 160 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. காலையில் டோஸ்ட்டுக்கு வெண்ணெய் தடவாமல் அவருக்கு இறங்காது. கடைக்காரர், “இதில் கொலஸ்ட்ராலே கிடையாது” என்று ஒரு மார்ஜரினைக் கொடுத்தார். வெண்ணெய்க்குப் பதில் அதைத் தரலாமா?

பதில்: கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது வாழைப்பழத்தை ‘எலும்பில்லாதது’ என்று சொல்லி விற்பது மாதிரி. மார்ஜரின் என்பது வெண்ணெய்போலத் தடவ, தாவர எண்ணெயில் செய்வது. தாவர எண்ணெய் எதிலுமே பேசும்படி கொலஸ்ட்ரால் இருக்காது. அது பால், முட்டை, கறி வழியாக வருவது. தவிர, சாப்பாட்டில் வரும் கொலஸ்ட்ராலைவிட எல்டிஎல்லை அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு, அதாவது ‘சாச்சுரேட்டட் ஃபேட்’தான். ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல்லை ஈரல் இழுத்து அப்புறப்படுத்தும் வேலையை அது மந்தமாக்கிவிடுகிறது.

100 கிராம் வெண்ணெயில் சுமார் 80 கிராம் கொழுப்பு. அதில் 50 கிராம் நிறைவுற்றது. மார்ஜரினில் இப்படி ஒரே கணக்குச் சொல்ல முடியாது, எந்த எண்ணெயில் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. சூரியகாந்தி, சோயா எண்ணெய் அதிகமுள்ள, ஸ்பூனில் அள்ளுகிற மாதிரி மெத்தென்ற டப்பா மார்ஜரினில் நிறைவுற்ற கொழுப்பு வெண்ணெயில் பாதிகூட இருக்காது. கட்டியாக வெட்டி எடுக்கும் வகையில் பாமாயிலின் பங்கு கூடுதல். பாமாயில் கொழுப்பில் பாதி நிறைவுற்றதுதான். அதை வாங்குவதற்கு வெண்ணெயே தேவலை, ருசியாவது மிஞ்சும்.

‘மார்ஜரின் விஷம்’ என்று உறவினர் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தக் கெட்ட பெயர் டிரான்ஸ் கொழுப்பால் வந்தது. திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி அரைகுறையாகக் கெட்டியாக்கும்போது உருவாகும் கொழுப்பு அது. எல்டிஎல்லை ஏற்றும், நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லை இறக்கும். இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இதற்கான உச்சவரம்பு 2021 ஜனவரியில் 3 சதவீதம், 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதம். எனவே பழைய பயம் இன்று அவ்வளவாகப் பொருந்தாது. வெண்ணெயிலும் இயற்கையாகவே கொஞ்சம் டிரான்ஸ் கொழுப்பு உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை!

கலோரியில் வித்தியாசம் தேடாதீர்கள். கொழுப்பின் அளவு ஒன்றானால் இரண்டும் ஒன்றுதான், ஒரு டீஸ்பூனுக்கு 35 கலோரி. ‘ஃபேட் ஸ்பிரெட்’ என்று போட்டவற்றில் தண்ணீர் அதிகம், கலோரி குறைவு. ஆனால் தோசைக்கல்லில் போட்டால் தெறிக்கும். வைட்டமின் ஏ வெண்ணெயில் தானாகவே இருக்கிறது, மார்ஜரினில் சேர்க்கிறார்கள். மஞ்சள் நிறத்தை வைத்துச் சத்தை எடைபோடவும் வேண்டாம்: எருமை வெண்ணெய் வெள்ளையாக இருந்தாலும் அதிலும் வைட்டமின் ஏ உண்டு.

சரி, அப்பாவுக்கு என்ன தருவது? டப்பாவைத் திருப்பி ‘சாச்சுரேட்டட் ஃபேட்’ வரியைப் பாருங்கள். 100 கிராமுக்கு 20 கிராமுக்குள் இருந்தால் தரலாம். வெண்ணெய்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதுவும் உப்பில்லாதது. ஒரு டீஸ்பூனில் 2.5 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. 1,800 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாள் வரம்பு சுமார் 20 கிராம். மூன்று டீஸ்பூன் தடவினால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலையிலேயே காலி. தோசைக்கு வெண்ணெயை விட்டு நல்லெண்ணெய்க்கு மாறுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: சாயங்காலம் டீயோடு என்ன சாப்பிடுகிறார்? பஃப்ஸ், வர்க்கி, ‘பட்டர்’ பிஸ்கட் என்றால், பெரும்பாலும் அவற்றில் இருப்பது வெண்ணெய் அல்ல, வனஸ்பதியோ பேக்கரி மார்ஜரினோதான். டோஸ்ட்டில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரு பஃப்ஸ் தின்றுவிடும். முதலில் அங்கே கை வையுங்கள். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் அதை நிறுத்தாமல், மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்துபாருங்கள்.