வெப்பநிலை மட்டும்தானா?

கேள்வி: பனிக்கட்டி உருகுவதும் நீர் ஆவியாவதும் போல, எந்தப் பொருளும் நிலை மாறுவதற்கு வெப்பநிலை மட்டுமே காரணம் என்று என் மகளின் கைடு சொல்கிறது. திடம், திரவம், வாயு ஆகியவற்றைத் தவிர நான்காவதாக ஒரு நிலை உண்டு என்கிறார்களே, அதைப் பற்றிச் சொல்லுங்களேன். (ஒரு வாசகி, மதுரை)

பதில்: நான்காவது நிலையின் பெயர் பிளாஸ்மா. வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து தனியே திரியும் அந்த நிலையை மின்னலிலும், எரியும் டியூப்லைட்டுக்குள்ளும், சூரியனிலும் காணலாம். கேட்டதற்குப் பதில் முடிந்தது. என்னை உறுத்துவது, உங்கள் கேள்வியின் நடுவே சாதுவாக உட்கார்ந்திருக்கும் 'மட்டுமே' என்ற சொல்தான்.

தமிழ்நாட்டில் அந்தச் சொல்லை நம்பி யாரும் எதுவும் செய்வதில்லை. 'ஆடித் தள்ளுபடி மூன்று நாள்களுக்கு மட்டும்' என்று ஜவுளிக்கடை வாசலில் கட்டிய பேனரை ஆவணி மழை வந்துதான் கிழிக்கிறது. மாதச் சம்பளத்தில் பாதியை விழுங்கிய ரசீதின் கடைசியிலும் 'மட்டும்' என்று எழுதி நமக்கு ஆறுதல் சொல்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் 'மணமகள் வீட்டார் மட்டும்' என்று ஒட்டிய அறைக்குள் போய்ப் பார்த்தால், மணமகன் வீட்டார், சமையல்காரர், நாதஸ்வரக்காரர் ஆகிய அனைவரும் மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்க, மணமகளுக்குத்தான் இடம் இருக்காது. இந்த வரிசையில் கைடு எழுதுவோரையும் சேர்க்க வேண்டும். அவர்களோடு எனக்குள்ள வழக்கு பழையது. அயோடின் உருகாமலேயே ஆவியாகிவிடும் என்று அவர்கள் அச்சடிப்பதும், சுமார் 114 டிகிரி செல்சியஸில் அது முறையாக உருகும் என்று நான் இந்தப் பக்கத்தில் எழுதுவதும், மறு ஆண்டுப் பதிப்பில் அட்டைப்படம் மட்டும் மாறி வருவதும் வாடிக்கையாகிவிட்டது.

அவர்கள் விழுங்கிவிட்ட இன்னொரு காரணத்தின் பெயர் அழுத்தம். நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்தில் குடியிருப்போருக்கான செய்தி. 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள ஊட்டியில், காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், அது 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரின் மேல் குண்டைப் போட்டு ஆவியை அடைத்துவைத்தால் 120 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் பொறுத்திருக்கும்.

உங்கள் சமையலறையிலேயே இதைவிடப் பெரிய சாட்சி நிற்கிறது. சிலிண்டர் கொண்டுவரும் தம்பி அதைச் சாய்த்து உருட்டும்போது உள்ளே ஏதோ தளும்புகிறதே, அது திரவம். உள்ளே இருக்கும் புரோப்பேன் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 42 டிகிரியிலும், பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியும் கொதிக்கக்கூடியவை. மதுரை வெயிலில் அவை திரவமாக இருப்பதற்கு அழுத்தத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. அடுப்பைத் திறந்ததும் அழுத்தம் தணிந்து திரவம் கொதிக்கிறது. அதற்கான வெப்பத்தைச் சிலிண்டரின் இரும்பிலிருந்தே அது உறிஞ்சுவதால்தான், இடைவிடாமல் அடுப்பெரியும் ஓட்டல்களில் சிலிண்டரின் மேல் பனி பூத்துக் கிடக்கிறது.

அப்படியானால் எந்த வாயுவையும் அழுத்தியே திரவமாக்கிவிடலாமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியலாளர்கள் அப்படித்தான் நம்பினார்கள். 1823ஆம் ஆண்டு குளோரினை மூடிய கண்ணாடிக் குழாய்க்குள் அழுத்தித் திரவமாக்கிய ஃபாரடே, பின்னர் ஒவ்வொரு வாயுவாக மடக்கிக்கொண்டே வந்தார். ஆனால் ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், மீத்தேன் உள்ளிட்ட ஆறு வாயுக்கள் எவ்வளவு அழுத்தியும் மசியவில்லை என்பதால், அவற்றுக்கு 'நிரந்தர வாயுக்கள்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். முடிச்சை 1869ஆம் ஆண்டு அவிழ்த்தவர் பெல்ஃபாஸ்டின் தாமஸ் ஆண்ட்ரூஸ். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலை உண்டென்றும், அதற்குக் கீழே குளிர்விக்காமல் எத்தனை அழுத்தினாலும் திரவம் பிறக்காதென்றும் கரியமில வாயுவைக் கொண்டு அவர் காட்டினார். மீத்தேனுக்கு அந்த எல்லை மைனஸ் 82 டிகிரிக்கு அருகில் இருக்கிறது. அதனால்தான் சி.என்.ஜி. ஆட்டோவின் சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்திலும் அது வாயுவாகவே இருக்கிறது.

கரியமில வாயுவின் எல்லை 31 டிகிரி. உங்கள் அலுவலகச் சுவரில் அந்த வாயுவை நிரப்பிய சிவப்புத் தீயணைப்பான் தொங்கினால், மார்கழியில் அதற்குள் திரவமும் மேலே ஆவியும் தனித்தனியாக இருக்கும். சித்திரையில் அறை 38 டிகிரியைத் தொடும்போது இரண்டுக்கும் இடையிலான கோடே அழிந்து, திரவம் என்றோ வாயு என்றோ பிரித்துச் சொல்ல முடியாத ஒரே பொருளாகிவிடும். நான்காவது நிலையைத் தேடிச் சூரியன் வரைக்கும் போகிறவர்கள் இந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அதையே பீய்ச்சினால், அழுத்தம் சட்டென்று விழுவதால் மைனஸ் 78 டிகிரிக் குளிரோடு வெண்ணிறத் திடத்துகள்களும் கலந்து வரும்.

வெப்பநிலையின் கட்சிக்காரர்களுக்குக் கடைசிச் சங்கடம் ஹீலியம். லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் 1908ஆம் ஆண்டு அதை மைனஸ் 269 டிகிரியில் திரவமாக்கினார். பிறகு எவ்வளவு குளிர்வித்தும் அது உறைய மறுத்தது. சாதாரண அழுத்தத்தில், குளிரின் கடைசி எல்லையான தனிப்பூஜ்யத்தை (சுமார் மைனஸ் 273 டிகிரி) நெருங்கினாலும் அது திரவமாகத்தான் இருக்கும். அதே லைடனில் 1926ஆம் ஆண்டு கீசோம், வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 25 மடங்குக்கு மேல் அழுத்தம் கொடுத்த பிறகே அது திடமாயிற்று. அழுத்தத்தை எடுத்துவிட்டால் மறுபடியும் திரவம்தான்.