எந்தப் புதுப் பொருள் நிலைக்கும், எது காணாமல் போகும் என்று டெக் செய்தியாளர்கள் எப்படிக் கணிக்கிறார்கள்?

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். தமிழ் நாளிதழ் ஒன்றின் வணிகப் பக்கத்துக்கு எழுதத் தொடங்கி, செல்போன் பரவிய பிறகு முழுக்க மின்னணுப் பொருட்கள் பக்கம் வந்துவிட்டேன். அறிமுக விழாவில் எல்லாப் பொருளையும் ஒரே உற்சாகத்தோடுதான் காட்டுவார்கள். அங்கே மட்டும் உட்கார்ந்திருந்தால் எதையும் கணிக்க முடியாது. விற்கிற கடையிலும் ரிப்பேர் கடையிலும் நின்று பார்க்க வேண்டும்.

எனக்கு அந்த இடம் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் பீச் ஸ்டேஷன் பக்கம் உருவான கடை வரிசை அது. இரண்டு சிம் போன் நிலைக்கும் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். ஒரே நெட்வொர்க்குக்குள் பேசினால் மலிவு என்றிருந்த காலம் அது. வீட்டில் ஒரு நெட்வொர்க், வேலை கொடுப்பவரிடம் வேறு நெட்வொர்க். துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவர்களின் சட்டைப்பையில் இரண்டு போன் இருக்கும். இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி சிம்மை மாற்றி மாற்றிப் போடுவார்கள். பெயர் தெரியாத சீன போன்கள் அந்தச் சிரமத்தைத் தீர்த்தன. பெரிய கம்பெனிகள் தாமதமாகத்தான் வந்தன. ஐபோனில் இரண்டு சிம் வசதி வந்ததே 2018இல்தான்.

இதுதான் நான் பார்க்கிற முதல் விஷயம். மக்கள் ஏற்கெனவே படுகிற பாட்டை இது குறைக்கிறதா, புதிதாக ஒரு பாட்டைக் கொடுக்கிறதா? 2010இல் எல்லா டிவி கம்பெனிகளும் 3டி டிவியைத் தூக்கிப் பிடித்தன. வீட்டில் ஆளுக்கொரு கண்ணாடி மாட்டிக்கொண்டு சீரியல் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. 2017க்குள் பெரிய கம்பெனிகள் எல்லாம் கைவிட்டுவிட்டன.

அப்புறம், நம்ம ஊர் உப்புக் காற்று. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் வருத்தம். ஐபி68 என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், தூசியும் தண்ணீரும் உள்ளே புகாது என்பதற்கான தரக் குறியீடு அது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, கடல் நீரில் இல்லை. காசிமேட்டில் ரிப்பேர் செய்கிற அண்ணன் ஒருவர் மீனவர்களின் போனைத் திறந்தால் முதலில் சார்ஜிங் போர்ட்டைத்தான் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். பின்களில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும், ஒன்றிரண்டு பின் அரித்தே போயிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷை ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) என்கிற துப்புரவுத் திரவத்தில் தொட்டு மெதுவாகத் தேய்ப்பார். “வாட்டர் ப்ரூஃப்னு சொல்லித்தானேண்ணே வித்தாங்க?” என்று கேட்காத ஆள் கிடையாது. கடலுக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் போனை பாலித்தீன் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத்தான் கொண்டுபோகிறார்கள். அதனால் போன் விமர்சனம் எழுதும்போது, உப்புக் காற்றில் அந்த போர்ட் என்னாகும், அதை மட்டும் தனியாக மாற்ற முடியுமா என்று விசாரித்து எழுதுகிறேன். கேமரா மெகாபிக்சலை விட நம் வாசகருக்கு அது முக்கியம்.

சரி, இப்போதைய விஷயத்துக்கு வருவோம். மடிப்பு போன், அதாவது திரையையே மடிக்கிற போன், நிலைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். சாம்சங் தன் முதல் மடிப்பு போனை 2019 ஏப்ரலில் விற்பதாக இருந்தது. விமர்சகர்களுக்குக் கொடுத்த போன்களில் திரை பழுதானதால் செப்டம்பருக்குத் தள்ளிப்போட்டது. உள்ளே தூசி புகுந்ததும் அதற்கு ஒரு காரணம். அதற்குப் பிறகு வந்த மாடல்கள் எவ்வளவோ தேறியிருக்கின்றன. ஆனாலும் உள்ளே மடிகிற அந்தத் திரை போனால் அதை மாற்ற ஒரு நல்ல புது போன் வாங்குகிற பணம் ஆகிறது. அந்தச் செலவு இறங்காதவரை, இரண்டு சிம் போன் மாதிரி இது வண்ணாரப்பேட்டைத் தெருக்களுக்கு வராது என்பதுதான் என் கணிப்பு.