விட்டுப்போன படிப்பை மீட்பது எப்படி? – கேள்வி பதில்

பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் ஒன்றியப் பள்ளிகளில் முப்பத்தோர் ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான், இப்போது குடியாத்தத்தில் என் வீட்டுத் திண்ணையில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத் தருகிறேன். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் படிப்பை விட்ட பிள்ளைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

குடியாத்தம், ஒரு தாய்: என் மகள் 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். இப்போது ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள். தமிழ்ப் பாடத்தை நன்றாக வாசிக்கிறாள். ஆனால் தேர்வில் கேள்வியே புரியவில்லை என்கிறாள். ஏன் டீச்சர்?

பதில்: அம்மா, "நன்றாக வாசிக்கிறாள்" என்பதை முதலில் சோதித்துப் பாருங்கள். என்னிடம் வந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு பாடம் முழுவதையும் தங்குதடையின்றிச் சொன்னாள். ஆனால் அவளுடைய விரல் மூன்றாவது வரியில் நின்றிருக்க, வாய் நான்காவது வரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் இருந்த 'பலகை' என்ற சொல்லை மட்டும் காட்டி இது என்ன என்று கேட்டேன். உதடுகள் அசைய, பாடத்தின் முதல் சொல்லிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்த இடத்தை எட்டிய பிறகுதான் "பலகை" என்றாள். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லும்போது இந்த மனப்பாடம் யார் கண்ணிலும் படுவதில்லை.

உங்கள் மகள் இதுவரை பார்த்திராத எதையாவது, ஒரு நியாயவிலைக் கடை அறிவிப்பையோ நாளிதழின் சிறுவர் பக்கத்தையோ கொடுத்துப் பாருங்கள். தனி எழுத்து, இரண்டு மூன்று எழுத்துச் சொல், எளிய நான்கு வரி, ஒரு சிறு கதை என்று படிப்படியாக வாசிக்கச் சொன்னால் அவள் எந்தப் படியில் தடுக்கி நிற்கிறாள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த மாதமே பாலாறு பெருக்கெடுத்து, நம் பக்கத்தில் மழை விடுமுறையும் சேர்ந்துகொண்டது. எழுத்து பழக வேண்டிய வயது இப்படிக் கழிந்துவிட, உங்கள் மகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போய் வாங்கிய முதல் புத்தகம், வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்காக எழுதப்பட்ட மூன்றாம் வகுப்புப் புத்தகமாக அமைந்துவிட்டது.

247 எழுத்துகளையும் அகரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிராது. இந்தப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில மட்டுமே. 'கொக்கு' என்பதைக் 'கெரக்கு' என்று வாசிப்பார்கள். கொம்பை முதலில் பார்த்துக் 'கெ' என்று சொல்லிவிட்டு, பின்னால் நிற்கும் காலை 'ர' என்று எடுத்துக்கொள்வார்கள். கல், பகல், தங்கம் ஆகிய மூன்று சொற்களிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிப்பதும் அவர்களைக் குழப்பும். எங்கே தடுக்குகிறாளோ அந்த ஓர் இடத்தை மட்டும் பத்து நாள், தினம் அரை மணி நேரம் பழக்குங்கள். அந்த அரை மணி நேரம் ஆறாம் வகுப்புப் புத்தகம் மூடியே இருக்கட்டும்.

லத்தேரி, ஒரு தந்தை: எந்த கைடு வாங்கினால் பையன் விட்டதைப் பிடிப்பான்?

பதில்: எதுவும் வேண்டாம், ஐயா. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு கைடு இன்னொரு வாசிக்க முடியாத புத்தகம்.

பீஞ்சமந்தை மலைப்பகுதி, மாலை வகுப்புத் தன்னார்வலர்: என்னிடம் மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை பதினான்கு பிள்ளைகள் வருகிறார்கள். ஒரே அறை. பெற்றோர் கூலி வேலைக்கு வெளியூர் போகும்போது சிலர் இரண்டு மாதம் வருவதே இல்லை. யாருக்கு எதை நடத்துவது?

பதில்: தம்பி, நான் விரிவாகப் பதில் எழுத விரும்பிய கேள்வி உங்களுடையதுதான். வகுப்பு எண்ணை மறந்துவிட்டு, பதினான்கு பேரையும் மேலே சொன்ன சோதனைப்படி மூன்று வட்டமாக உட்கார வையுங்கள். எழுத்தில் நிற்பவர்கள் ஒரு வட்டம், சொல்லில் நிற்பவர்கள் ஒரு வட்டம், வரி வாசிப்பவர்கள் ஒரு வட்டம். 2022 ஜூனில் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது இதே எண்ணத்தில்தான். ஏழாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்படுவான். அவனுக்குச் சாக்பீஸ் எடுத்துக் கொடுப்பது, வருகை எழுதுவது என்று ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால், உட்கார்ந்திருப்பதற்கு அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

ஒரு வட்டத்தோடு நீங்கள் இருக்கும் இருபது நிமிடமும் மற்ற இரண்டு வட்டங்கள் சும்மா இருக்கக் கூடாது. பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் சொற்களை எழுதி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சொல் வட்டம் அவற்றைப் பொறுக்கி வரி அமைக்கட்டும். வரி வட்டம் தாங்கள் அன்று கண்டதை மூன்று வரியில் எழுதட்டும். உங்கள் மலைப் பிள்ளைகளுக்குச் சாமை, தேன், புளி எல்லாம் அத்துபடி. 'சாமை' என்ற சொல்லில் தொடங்கினால் பிள்ளை கண்ணை விரித்துப் பார்க்கும்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும் பிள்ளையைக் கேள்வி கேட்டுத் துளைக்காமல், அன்றே சோதனையை மறுபடி வைத்து, நிற்கும் படியில் உட்கார வையுங்கள். வட்டம் முறையில் அவன் பாடத்தைத் தவறவிட்டான் என்ற பேச்சே வராது. மாதம் ஒரு முறை எல்லோரையும் சோதித்து மேல் வட்டத்துக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அரும்பு என்பது அந்தப் பிள்ளையின் பட்டப்பெயராகிவிடும்.

ஆரணி, ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியர்: அம்மையார் நோயை விட்டுவிட்டு வேறெதையோ பேசுகிறார்கள். எட்டாம் வகுப்பு வரை எல்லோரையும் தேர்ச்சி போடுவதுதான் மூலகாரணம். ஒரு வருடம் நிறுத்தி வையுங்கள், தானாகப் படிப்பான்.

பதில்: ஐயா, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் வாங்கிக்கொள்ளும் ஆசிரியரின் வேதனை எனக்குப் புரியாததல்ல. அந்தப் பிள்ளையை அனுப்பி வைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் நிறுத்தி வைத்தால் அவனுக்குக் கிடைப்பது அதே புத்தகம், அதே வேகம். பாகிஸ்தானின் வடபகுதியில் 2005 அக்டோபரில் நிலநடுக்கம் வந்தபோது பள்ளிகள் சராசரியாகப் பதினான்கு வாரம் மூடிக் கிடந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் பார்த்தபோது, நிலநடுக்கத்தை உண்டாக்கிய நிலப்பிளவுக்கு அருகில் இருந்த பிள்ளைகள் ஏறத்தாழ ஒன்றரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். பதினான்கு வாரம் எப்படி ஒன்றரை ஆண்டாயிற்று? பள்ளி திறந்ததும் பிள்ளை நின்ற இடத்தில் தொடங்காமல், புத்தகம் நிற்க வேண்டிய இடத்தில் தொடங்கினால், முதல் நாள் புரியாதவனுக்கு அடுத்த நாளும் புரியாது. இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு வளரும்.

ஆரணி ஆசிரியர்: பாகிஸ்தான் கதை நமக்கு எதற்கு? பயம் இல்லாமல் படிப்பு வராது.

பதில்: நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது, ஐயா. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 சிறு பிள்ளைகளை 2021 டிசம்பரில் சோதித்தபோது பெரும் இழப்பு தெரிந்தது. மொழியைவிடக் கணக்கில் இழப்பு அதிகம். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு அரசு தன்னார்வலர்களை வைத்து நடத்திய இல்லம் தேடிக் கல்வியின் மாலை வகுப்புகளால் வந்தது. அங்கே யாரும் யாரையும் நிறுத்தி வைக்கவில்லை. பக்கத்துத் தெரு அக்கா பாயில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள்.

வாலாஜாபேட்டை, பணியில் இருக்கும் ஆசிரியை: இருவரும் ஓய்வு பெற்றவர்கள், பேசலாம். பாடத்திட்டம் முடியாவிட்டால் கேள்வி என்னைத்தான் கேட்பார்கள்.

பதில்: அம்மா, நீங்கள் சொல்வது முழு உண்மை. நானும் பாடக்குறிப்பேட்டில் பக்கம் நிரப்பிவிட்டு, பின்வரிசையைப் பார்க்காமல் நடந்த நாள்கள் உண்டு. இன்று நினைத்தாலும் மனம் சுருங்குகிறது. முழுப் பாடவேளையையும் மாற்றச் சொல்லவில்லை. முதல் பாடவேளையில் இருபது நிமிடத்தை மட்டும் வாசிப்புக்கு ஒதுக்கி, அதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மூன்று மாதத்தில் அந்த இருபது நிமிடம் மற்றப் பாடங்களுக்குத் திரும்பி வந்து சேரும். கேள்வியை வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எல்லாப் பாடமும் சுருக்கமாக முடியும்.

ஆரணி ஆசிரியர்: சரி, ஒன்பதாம் வகுப்பில் வந்து நிற்பவனை என்ன செய்வது? அதற்குப் பதில் இல்லையே.

பதில்: இருக்கிறது, ஐயா, அதற்கு உங்களைப் போன்றவர்கள் வேண்டும். பதினான்கு வயதுப் பையன் என் திண்ணையில் ஆறு வயதுப் பிள்ளையோடு உட்கார மாட்டான். உயர்நிலைப் பள்ளியில் காலை மணி அடிப்பதற்கு முன் ஐந்தே ஐந்து பேரை அழைத்துக்கொண்டு, விளையாட்டுச் செய்தியையும் வண்டி ஓட்டுநர் உரிம விதிகளையும் வாசிக்க வையுங்கள். அவனுக்கு அவை தேவை, ஆகவே வாசிப்பான். தேர்ச்சி விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

ஆம்பூர், ஒரு தாய்: வீட்டில் உருது பேசுகிறோம். மகன் தமிழ் வழியில் படிக்கிறான். வீட்டிலும் தமிழே பேசச் சொல்கிறார்கள். பேசலாமா?

பதில்: உருதை விடாதீர்கள், அம்மா. கதையை உருதில் சொல்லுங்கள். அடுத்த நாள் அதே கதையை அவன் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். கதை ஏற்கெனவே தெரிந்திருந்தால் தமிழ்ச் சொல் மட்டும்தான் புதிது.

காட்பாடி, ஒரு தந்தை: எந்தக் கைப்பேசிச் செயலி நல்லது?

பதில்: பிள்ளையின் பக்கத்தில் நீங்கள் அமர்ந்தால் எந்தச் செயலியும் உதவும், தனியாகக் கொடுத்துவிட்டுப் போனால் எதுவும் உதவாது.

ஒடுகத்தூர், ஒரு பாட்டி: பேரன் நாலாம் வகுப்பு. கழித்தல் கணக்கு எல்லாம் தப்பு. 42-இல் 17 போனால் 35 என்கிறான்.

பதில்: அம்மா, அவன் தவறு மிகத் தெளிவான தவறு. ஒன்றின் இடத்தில் 2-இல் 7 போகாது என்பதால் 7-இல் 2-ஐக் கழித்து 5 போடுகிறான், பிறகு 4-இல் 1 போக 3. கடன் வாங்குவது என்ற சொல் அவனுக்கு ஏறவில்லை. துடைப்பத்து ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி நான்கு கட்டும் இரண்டு உதிரியும் அவன் முன் வையுங்கள். 17 குச்சி கொடு என்று கேளுங்கள். உதிரி போதாமல் ஒரு கட்டை அவனே அவிழ்ப்பான். அந்த அவிழ்ப்பைத்தான் தாளில் கடன் என்கிறோம் என்று அப்போது சொல்லுங்கள். ஒரு வாரம் குச்சி, அடுத்த வாரம் குச்சியும் தாளும், அதற்கடுத்த வாரம் தாள் மட்டும். பெருக்கல் வாய்பாட்டை அதுவரை கேட்காதீர்கள்.

சேத்துப்பட்டு, ஒரு தாய்: மகன் எழுத்துகளைத் தலைகீழாக எழுதுகிறான். இது கற்றல் குறைபாடா?

பதில்: அதை நான் சொல்லக் கூடாது. முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பிறகு உங்கள் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரைப் பாருங்கள். தேவையானால் வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சிக்கான தனிப் பிரிவு இருக்கிறது.

அரக்கோணம், ஒரு தந்தை: நீட் தேர்வுக்கு எப்போது தயாராக வேண்டும்?

பதில்: என் துறை தொடக்கக் கல்வி, ஐயா.

வேலூர், ஒரு தந்தை: ஐந்தாம் வகுப்புக்கு எந்த கைடு?

பதில்: லத்தேரி ஐயாவுக்கு எழுதியதைப் பாருங்கள். வகுப்புப் புத்தகத்தையே மூடி வைக்கச் சொல்கிறேன். கைடை எதற்குத் திறக்க வேண்டும்?

பேரணாம்பட்டு, ஓர் அக்கா: என் தம்பிக்குப் பதின்மூன்று வயது. கொரோனாவில் பள்ளியை விட்டவன், இப்போது பீடிக் கட்டும் வீட்டில் கூலிக்குப் போகிறான். இனி எந்த வகுப்பில் சேர்ப்பார்கள்? சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாம்.

பதில்: சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டியதில்லை, அம்மா. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நான்காம் பிரிவின்படி, பள்ளியை விட்ட பிள்ளையை அவன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்து, விட்டதைப் பிடிக்கத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று அவனைத் திருப்பி அனுப்பவும் சட்டம் இடம் தரவில்லை. இந்த வாரமே பக்கத்து நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஆதார் அட்டையோடு அழைத்துப் போங்கள். முதலாளி விட மறுத்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள். அவனுக்குப் பீடியை இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணிக் கட்டத் தெரியும் அல்லவா? நாற்பது கட்டு ஆயிரம் என்பதும் அவனுக்குத் தெரியும். பள்ளியில் முதல் நாள் அதைச் சொல்லச் சொல்லுங்கள். கணக்கு டீச்சர் அங்கிருந்தே தொடங்கட்டும்.