குட்டி வீடு செய்யக் கொடுக்கும் முன் அளவைக் கேளுங்கள்

கேள்வி (தக்கலை வாசகி): திருவட்டாறு பக்கத்தில் இருந்த எங்கள் அம்மாவின் ஓட்டு வீட்டைப் போன வருடம் இடித்துவிட்டுத் தம்பி கான்கிரீட் வீடு கட்டிவிட்டான். வருகிற தை மாதம் அம்மாவுக்கு 75 வயது. அந்தப் பழைய வீட்டை அப்படியே குட்டியாகக் கையால் செய்து கொடுக்க ஆசை. பதினான்கு போட்டோ இருக்கிறது. விசாரித்ததில் ஒருவர் 16,000 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 42,000 என்கிறார். எது நியாயமான விலை?

பதில்: இரண்டுமே நியாயமாக இருக்கலாம், ஏனென்றால் அவர்கள் ஒரே பொருளுக்கு விலை சொல்லியிருக்க வாய்ப்பில்லை. எந்த அளவில் வேண்டும் என்று நீங்கள் சொல்லாதவரை, ஆளுக்கொரு வீட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் விலை சொல்வார்கள். முதலில் அளவை முடிவு செய்யுங்கள். குட்டி வீடு செய்கிறவர்கள் அதிகம் எடுக்கும் விகிதம் 1:12, அதாவது நிஜத்தில் ஒரு அடி என்றால் இங்கே ஒரு அங்குலம். புதுடில்லியை வடிவமைத்த லட்டியன்ஸ் 1921 முதல் 1924 வரை இங்கிலாந்து ராணி மேரிக்காகச் செய்துகொடுத்த குட்டி மாளிகைகூட இந்த அளவுதான். குழாயில் தண்ணீர் வரும், லிப்ட் ஓடும், இன்றைக்கும் விண்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது.

உங்கள் அம்மா வீட்டின் முகப்பு 36 அடி, உள்நீளம் 28 அடி என்று வைத்துக்கொள்வோம். 1:12-ல் அது 36 அங்குலத்துக்கு 28 அங்குலம். அதற்கென்று ஒரு மேசையே ஒதுக்க வேண்டும், தூக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டும். அரை அங்குலத்துக்கு ஒரு அடி என்ற 1:24-ல் செய்தால் 18-க்கு 14 அங்குலத்தில் முடிந்துவிடும், ஷோகேஸில் வைக்கலாம். இன்னும் சுருக்கி 1:48-க்குப் போனால் முகப்பே ஒன்பது அங்குலம்தான். 75 வயதுக் கண்ணுக்குத் திண்ணைத் தூணின் கடைசலும் அடுக்களை ஜன்னலும் அதில் பிடிபடாது. என்னைக் கேட்டால் 1:24 என்பேன்.

வீடே இல்லையே, அளவுக்கு எங்கே போவது என்று ஆசாரி கேட்பார். போட்டோவிலேயே அளவு இருக்கிறது. அம்மா வாசல் நிலையை ஒட்டி நிற்கிற படம் ஒன்றாவது இருந்தால் பாதி வேலை முடிந்தது. அம்மாவின் உயரம் தெரியும், அதை வைத்து நிலையின் உயரம் வரும், நிலையை வைத்துச் சுவரும் கூரையும் வந்துவிடும். ஆனால் அவர் நிலைக்கு இரண்டடி முன்னால் தள்ளி நின்றிருந்தால் கணக்கு தப்பும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மங்களூர் ஓடாக இருந்தால் கூரையில் எத்தனை வரிசை என்று படத்தைப் பெரிதாக்கி எண்ணலாம். ஒரு ஓடு ஏறக்குறைய ஒன்றேகால் அடி நீளம், முக்கால் அடி அகலம், 1:24-ல் அது உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். இந்த ஓட்டை ஒவ்வொன்றாகக் களிமண்ணில் செய்து சுட்டு ஒட்டுவாரா, அட்டையை மடித்து வண்ணம் பூசி முடித்துவிடுவாரா என்று கேளுங்கள். 16,000-க்கும் 42,000-க்கும் இடையில் இருக்கிற பணத்தில் பெரும்பகுதி இந்தக் கூரையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது மரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நனைக்கிற மாவட்டம் நம்முடையது, இங்கே மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப் பலகை நிற்காது. நானே பணம் கொடுத்து இதைத் தெரிந்துகொண்டேன். வெளியூர்க் கடை ஒன்றில் வாங்கிய மாதிரி வீடு பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, ஆனியில் வீட்டுக்கு வந்தது, ஐப்பசிக்குள் அடிப்பலகையின் விளிம்பெல்லாம் தண்ணீரில் போட்ட ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. திருப்பிப் பார்த்தால் அடியில் வார்னிஷே அடிக்கவில்லை. சுவருக்கு ஈரம் தாங்குகிற மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 என்ற தர முத்திரை உள்ளதாகக் கேளுங்கள், வெளியே தெரிகிற வேலைக்குத் தேக்கு, அயனி, பலா எதுவானாலும் சரி. ரப்பர் மரம் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும், மருந்தில் ஊறவைத்துப் பதப்படுத்தியது என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சீக்கிரமே உளுத்து, ஷோகேஸ் தட்டில் மாவு கொட்டும்.

இடித்த வீட்டின் மரம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? ஒரு ஜன்னல் அழி, உடைந்த கதவுப் பலகை, விறகுப்புரையில் கிடக்கும் உத்தரத்துண்டு, எதுவானாலும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஒரு ஆசாரியின் பட்டறையில் பார்த்தேன், பழைய கதவின் பலகையைச் சீவி மூன்றங்குல உயரத்தில் இரண்டு குட்டிக் கதவு செய்திருந்தார். பழைய ஆணி துருப்பிடித்த கறுப்புப் புள்ளி ஒன்று பலகையில் இருந்தது. அதை இழைத்து எடுக்காமல், தாழ்ப்பாள் வருகிற இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் புள்ளி வரும்படி பார்த்து வெட்டியிருந்தார். கையால் செய்வதற்குக் கொடுக்கிற கூலி இந்த மாதிரிக் கவனத்துக்குத்தான், அதில் பேரம் பேசாதீர்கள்.

இப்போது இரண்டு பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். என்ன அளவு, என்ன மரம், ஓடு எதில், கூரையைத் தூக்கி உள்ளே பார்க்க முடியுமா, உள்ளே கட்டில், உரல், குத்துவிளக்கெல்லாம் இந்த விலையில் சேர்த்தியா, எத்தனை நாள் வேலை, ஆறு மாதத்துக்குள் பிரிந்தால் சரிசெய்து தருவாரா. யாரிடம் வேலையைக் கொடுக்கிறீர்களோ அவருடைய பதிலை ஒரு தாளில் எழுதி, நீங்களும் அவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி அவர் "சரி" என்று பதில் போட்டாலும் போதும். பணம் மூன்றில் ஒரு பங்கு முதலில், சுவரும் கூரைச் சட்டமும் நின்றதும் நேரில் பார்த்துவிட்டு இன்னொரு பங்கு, மீதி கையில் வாங்கும்போது. முழுப்பணமும் முன்னால் கேட்கிறவரிடம் கொடுக்க வேண்டாம். தை மாதத்துக்கு வேண்டுமென்றால் கார்த்திகை என்று தேதி சொல்லுங்கள், மழைக்காலத்தில் பசையும் வார்னிஷும் காய நாளாகும்.

தக்கலையிலேயே இருக்கிறீர்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஆசாரியை ஒரு நாள் கூட்டிப்போய், அங்கே மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தின் முற்றத்தையும் கூரைச் சரிவையும் காட்டுங்கள், "எங்கள் வீட்டுக் கூரையும் இந்த மாதிரிதான் இறங்கும்" என்று சுட்டிக்காட்டினால் அவருக்குச் சட்டென்று பிடிபடும். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை.

கேள்வி (நாகர்கோவில், கல்லூரி மாணவர்): ஆன்லைனில் 2,400 ரூபாய்க்கு மினியேச்சர் வீடு கிட் வாங்கினேன். விளம்பரத்தில் மரம் என்று போட்டிருந்தது, வந்தது அழுத்திய அட்டை மாதிரிப் பலகை. இரண்டு துண்டு உடைந்தும் இருக்கிறது. "கைவினைப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விடாதீர்கள். பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ம் வருட மின்வணிக விதிகள் சொல்கின்றன. அவர்கள் பக்கத்தில் "ரிட்டர்ன் இல்லை" என்று எழுதி வைத்திருப்பது, உங்களுக்கு மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கும்போது செல்லலாம், உடைந்த பொருளுக்குச் செல்லாது. முதலில் அந்த விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், இன்றைக்கே எடுங்கள், நாளைக்கு "மரம்" என்ற வார்த்தை அங்கே இருக்காது. உடைந்த துண்டு, பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, பில் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். பிறகு அரட்டைப் பெட்டியில் பேசிக்கொண்டிருக்காமல், அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தாக வேண்டும், 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அசையவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், செலவில்லை. அதற்கும் மேல் போக வேண்டுமென்றால், 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை டில்லியில் இருந்தாலும் உங்களுக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தொகை சின்னதுதான், ஆனாலும் படத்தில் மரத்தைக் காட்டி அட்டையை அனுப்புகிறவருக்கு ஒரு புகாராவது போய்ச் சேரட்டும்.

கேள்வி (குளச்சல் வாசகி): நான்கு வயதுப் பேத்திக்கு விளக்கு எரிகிற குட்டி வீடு வாங்கலாமா?

பதில்: இந்த வயதில் வேண்டாம். பல குட்டி வீடுகளில் விளக்குக்கு இருப்பது பட்டன் பேட்டரி. குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், அந்தச் சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விளையாடுகிற பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினை ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கிற பொம்மைக்கு விலக்கு உண்டு. "14+" என்று பெட்டியில் போட்டிருந்தால் அது அலமாரியில் வைத்துப் பார்க்கிற பொருள். பேத்திக்கு விளக்கே இல்லாத, கழன்று வருகிற சின்னத் துண்டு இல்லாத மர வீடு பாருங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): வீடு கட்டப் போகிறேன். இன்டீரியர் செய்பவர் 3டி படம் காட்டி அட்வான்ஸ் கேட்கிறார். நடுமுற்றமும், பத்மநாபபுரம் அரண்மனை மாதிரிக் கறுப்புத் தரையும் போட்டுத் தருவேன் என்கிறார். படத்தை நம்பலாமா?

பதில்: படம் பொய் சொல்லாது, ஆனால் அவர் காட்ட நினைத்த பக்கத்தை மட்டும் காட்டும். பிளானை வாங்கி, ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று பழைய அட்டைப்பெட்டியை வெட்டி நீங்களே ஒரு மாதிரி வீடு ஒட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் போதும், பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். கூரையை ஒட்டாமல் தூக்குகிற மாதிரி வையுங்கள். ஒட்டியதும் மனையில் கொண்டுபோய், திசை பார்த்து, வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே வைத்து, காலை ஒன்பதுக்கும் மாலை நான்குக்கும் பாருங்கள். நிஜ வெயில் அதே கோணத்தில்தான் உள்ளே விழும். நடுமுற்றம் வெளிச்சம் தருமா, சாயங்காலம் படுக்கையறைச் சுவர் வெந்துபோகுமா, சரிந்து இறங்கும் கூரை ஜன்னலை மறைக்குமா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். அதில் பேனாவால் திருத்தம் எழுதி அவரிடம் கொண்டுபோய், இதற்குத் தகுந்தபடி பிளானை மாற்றச் சொல்லி, மாற்றிய பிளானில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள். சுவர் எழும்பிய பிறகு மாற்றினால் செலவு உங்களுடையது.

அப்புறம் அந்தத் தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் போட்டது என்று அரண்மனையில் சொல்வார்கள். உங்களுக்கு அவர் போட்டுத் தரப்போவது அநேகமாகச் சிமெண்டில் கறுப்பு ஆக்சைடு என்ற நிறப்பொடி கலந்த தரை. அது மோசமில்லை, நன்றாகப் போட்டால் காலுக்குக் குளிர்ச்சியாக, வருடம் ஆக ஆகப் பளபளப்பு கூடும். ஆனால் அரண்மனைத் தரை என்ற பெயருக்கு விலை கொடுக்காதீர்கள், கலவையை எழுதித் தரச் சொல்லுங்கள். ஆக்சைடு, சிமெண்டின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உப்பு உள்ள மணல் கூடாது, வெள்ளை பூக்கும். பெரிய அறையை ஒரே பரப்பாகப் போட்டால் விரிசல் விடும், நான்கடிக்கு நான்கடி கட்டமாகப் பிரித்துப் போட வேண்டும், ஒரு வாரமாவது மேலே தண்ணீர் தேக்கி வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டடிக்கு இரண்டடி ஒரு மாதிரித் துண்டு போடச் சொல்லி அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். ஒரு மாதம் காயவிட்டு, அதன்மேல் கொஞ்சம் தேங்காயெண்ணெய், கொஞ்சம் மஞ்சள் கரைத்த தண்ணீர், ஒரு துளி புளித்தண்ணீர் விட்டு ராத்திரி முழுக்க வைத்து, காலையில் துடைத்துப் பாருங்கள். கறை போகவில்லை என்றால் அடுக்களையில் அந்தத் தரை வேண்டாம், திண்ணையிலும் முன்னறையிலும் மட்டும் போடச் சொல்லுங்கள்.