எர்ணாகுளத்தில் தங்காதீர்கள், அக்கரைக்குப் போய்விடுங்கள்

கேள்வி: கோயம்புத்தூரில் இருந்து ஜனவரியில் ஒரு சனி, ஞாயிறு கொச்சிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். 68 வயதான என் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சைவம் மட்டுமே சாப்பிடுவார். 11 வயது மகளுக்குக் கடலில் குளிக்க வேண்டுமாம். எர்ணாகுளத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் வாடகைக் காரில் ஃபோர்ட் கொச்சியைப் பார்த்துவிட்டு வந்தால் போதுமா?

பதில்: போதாது. காரை விட்டுவிடுங்கள். அறையை ஃபோர்ட் கொச்சியிலேயே எடுங்கள்.

காரில் போகிறவர்கள் தோப்பும்படி வழியாகப் பாலங்களைத் தாண்டி, நெரிசலில் ஊர்ந்து, வெயில் ஏறிய பிறகுதான் போய்ச் சேருகிறார்கள். தேவாலயம், சீன மீன்பிடி வலை, அரண்மனை, யூதர் ஆலயம், நடுவில் ஓட்டுநர் நிறுத்தும் கைவினைக் கடை ஒன்று. இரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். அந்த ஊரின் நல்ல நேரமோ, சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்கு முன்பும் அவை போன பின்பும்தான். காலை ஆறரைக்குத் தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் நடப்பதற்காகவே அங்கே ஓர் இரவு தங்கலாம் என்பேன். பழைய வீடுகள் பல, குடும்பங்களே நடத்தும் விடுதிகளாக இருக்கின்றன. மரப்படிகள் செங்குத்தாக இருக்கும் என்பதால் கீழ்த்தள அறைதான் வேண்டும் என்று முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். புத்தாண்டை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். டிசம்பர் 31 நள்ளிரவில் 'பாப்பாஞ்ஞி' என்ற பெரிய உருவப் பொம்மையை எரிப்பதைக் காண மாபெரும் கூட்டம் கூடும். முழங்கால் வலியோடு நிற்க முடியாது.

கோவையிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். சந்திப்பு நிலையத்தை அங்கே 'சவுத்' என்பார்கள், டவுன் நிலையத்தை 'நார்த்' என்பார்கள். எதில் இறங்கினாலும் ஆட்டோ பிடித்து ஹைகோர்ட் படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து வாட்டர் மெட்ரோ படகில் ஏறுங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய சேவை இது. மின்சாரத்தில் ஓடும் குளிர்சாதனப் படகுகள். உங்கள் அம்மாவுக்காகவே செய்ததுபோல ஒரு வசதி இதில் உண்டு. ஏறும் மேடை தண்ணீரில் மிதக்கிறது. நீர் ஏறினாலும் வற்றினாலும் மேடையும் படகும் ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியையே தள்ளிக்கொண்டு போகலாம். அரசின் பழைய படகுகளில் கட்டணம் இன்னும் குறைவு. ஆனால் ஆடும் படகுக்குள் காலை எட்டி வைத்து இறங்க வேண்டும். அதில் மகளை மட்டும் ஒருமுறை அழைத்துப் போங்கள்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் புனித பிரான்சிஸ் தேவாலயம். ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும் என்பதால் இதை முதல் நாளே முடித்துவிடுவது நல்லது. போர்த்துகீசியர் 1503இல் மரத்தால் எழுப்பியது. பிறகு டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறியது. 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோட காமாவை முதலில் இங்கேதான் புதைத்தார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து எலும்புகளை போர்த்துகலுக்கு எடுத்துப்போனார்கள். கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் துணி விசிறிகள் தொங்கும். வெளியே நின்று ஒருவர் கயிற்றை இழுக்க உள்ளே காற்று வந்த காலத்தின் மிச்சம் அவை. தரை சமமானது, அம்மா சிரமமின்றி நடக்கலாம்.

அன்று மாலைக்கு இரண்டு வழி. கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம், அல்லது கதகளிக்குப் போகலாம். நான் கதகளியைச் சொல்வேன். ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒப்பனையைப் பார்க்க விடுவார்கள். முகத்தில் பச்சை ஏறி, தாடையோரம் வெள்ளைச் 'சுட்டி' முளைத்து, கண்முன்னே ஒரு மனிதர் நாயகனாக மாறுவதை உங்கள் மகள் பார்க்கட்டும்.

ஞாயிறு விடிந்ததும் சீன வலைக்குப் போங்கள். நான்கைந்து பேர் கூடி, கற்களை எதிர்ப்பாரமாகக் கட்டிய நீண்ட கழிகளைத் தண்ணீரில் தாழ்த்துவதும் உயர்த்துவதுமாக இருப்பார்கள். கயிற்றை இழுத்துப் பார்க்கக் கூப்பிட்டால் போகலாம். கடைசியில் பணம் எதிர்பார்ப்பார்கள், கொடுப்பதும் நியாயம்தான். துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்கள் வைப்பின் தீவுக்கும் இந்தக் கரைக்கும் நடுவே மிக அருகில் கடந்துபோகும். சில நாட்களில் ஓங்கில்களும் (டால்பின்கள்) முதுகு காட்டும்.

ஆனால் இந்தக் கரையில் குளிக்க விடாதீர்கள். கப்பல் கால்வாயை ஒட்டிய இடம், கரை அரிப்பும் உண்டு, ஆகாயத்தாமரையும் வந்து ஒதுங்கும். குளிக்க நல்லது வைப்பின் தீவில் உள்ள செறாய் கடற்கரை. ஆனால் சுமார் 25 கிலோமீட்டர் தூரம். இரண்டே நாளில் அதையும் திணிக்க வேண்டாம். மகள் ஏமாந்து போவாள்தான். இன்னொரு முறை செறாயிலேயே தங்கும்படி வாருங்கள்.

பத்து மணியளவில் மட்டாஞ்சேரிக்கு ஆட்டோ. அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர் ஆலயம் சனிக்கிழமை திறப்பதில்லை, வெள்ளியன்றும் நம்பிப் போகக் கூடாது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டையும் ஒரே நடையில் பார்க்க ஞாயிறு சரியான நாள். டச்சு அரண்மனை என்பார்கள், கட்டியது போர்த்துகீசியர், டச்சுக்காரர் பழுதுபார்த்தார்கள். ராமாயணச் சுவரோவியங்கள் மாடியில் இருக்கின்றன. அம்மாவால் ஒரே ஒரு படிக்கட்டுதான் ஏற முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். 1568இல் கட்டிய யூதர் ஆலயத்தில் தரையைப் பாருங்கள்: சீனாவிலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள், கையால் வரைந்தவை. தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக வாழும் குஜராத்திகள், கொங்கணிகளால் நல்ல சைவ உணவு கிடைக்கிறது. குஜராத்தி சாலைப் பக்கம் உள்ள சமணக் கோயிலில் நண்பகலையொட்டிப் புறாக்களுக்கு இரை போடுவார்கள். கடற்கரையில் நீங்கள் மீன் வாங்கிச் சமைக்கக் கொடுத்தால், சமைக்கும் கூலியும் சேர்த்து விலை பேசிக்கொள்ளுங்கள்.

ஆட்டோக்காரர் மிகக் குறைந்த கட்டணத்துக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றால், வழியில் கடைகளில் நிறுத்துவார். அங்கே அவருக்குத் தரகு உண்டு. நியாயமான தொகை பேசி, கடை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே ஆட்டோவில், 'வெளி' என்ற பகுதியில் இருக்கும் சலவைத் துறைக்கு அம்மாவை அழைத்துப் போகச் சொல்லுங்கள். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் சீருடைகளைத் துவைக்கத் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்டவர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே கையால் துவைக்கிறார்கள். துணிகளைக் கிளிப் இல்லாமல், முறுக்கிய கயிற்றின் இழைகளுக்கு நடுவே செருகிக் காயவைப்பார்கள். கேட்டுக்கொண்டு படம் எடுங்கள், அவர்கள் வேலை செய்யும் இடம் அது. அம்மா தமிழிலேயே பேசலாம்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் வாட்டர் மெட்ரோவில் வரிசை நீளும், அதற்கு முன்பே துறைக்கு வந்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டில் சவுத்தா நார்த்தா என்று பார்த்துக்கொண்டு ஆட்டோவில் ஏறுங்கள்.